பலகையும் பதிப்பியும்

ஒரு தொழிலைக் கற்பதும் அத்தொழிலுக்குரிய கருவியொன்றை இயக்கப் பழகுவதும் ஒன்றே எனக் கருதுதல் நம் கல்விமுறையை நெடுங்காலமாகப் பற்றிநிற்கும் மயக்கமாகும். நுண்கட்டுப்படுத்திப் பலகைகளைக் கொண்டு மாணவர் பொழுதுபோக்காகவும் போட்டிகளுக்காகவும் சிறு பொறிகளை ஆக்கும் இந்நாளில் அம்மயக்கம் புதுவடிவிற் புகுந்துள்ளது. ஆதலின், பழைய மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் இவ்விழாமலரில் அதுபற்றிச் சில கூறுதல் பொருத்தமெனக் கருதுகின்றோம்.

உள்ளங்கையில் அடங்கும் ஆர்டுயினோப் பலகை 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரிலிருந்த வடிவமைப்புக் கல்லூரியொன்றிற் பிறந்தது. பொறியியல் பயிலாதாரும் இலத்திரனியலைக் கையாளல் வேண்டும் என்பதே அதனை ஆக்கியோர் நோக்கம். 2010இல் வெளிவந்த ஊனோ என்னும் பலகையிலுள்ள நுண்கட்டுப்படுத்தியின் வேகம் 16 மெகாஹேர்ட்ஸ். செய்நிரலுக்குரிய நினைவகம் 32 கிலோபைட்டு. மாறிகளுக்குரியது 2 கிலோபைட்டு மட்டுமே. பலகையுடன் அதற்கென ஆக்கிய மென்பொருளொன்றும் இலவசமாகக் கிடைத்தது. செய்நிரலை எழுதி ஒரு விசையை அழுத்தினால் ஒளிகாலும் இருவாயி மின்னும். முதன்முறை அது மின்னக் காணும் சிறுவனின் உவகைக்கு ஈடில்லை. அவ்வெளிமையை நாம் பழிக்கப்போவதில்லை.

எனினும், அவ்விசை மறைப்பவை பல. மாணவன் எழுதிய கோப்பின் தலையில் அவனறியாமலே ஒரு வரி சேர்க்கப்படுகின்றது. அவன் வகுத்த சார்புகளுக்கு முன்னறிவிப்புகள் தாமாகவே வரையப்படுகின்றன. செய்நிரல் தொடங்குமிடமாகிய முதன்மைச் சார்போ அவன் காணாத வேறொரு கோப்பிலிருந்து, ‘செட்டப்’ என்பதனை ஒருமுறையும் ‘லூப்’ என்பதனை ஓயாமலும் அழைக்கின்றது. பின்னர்த் தொகுப்பான் அனைத்தையும் பொறிமொழியாக்க, மற்றுமொரு மென்பொருள் அதனைக் கம்பிவழியே பலகையில் ஏற்றுகின்றது. இத்தனை படிகளும் ஒரே விசைக்குள் அடங்கிவிட்டமையால், யாதேனும் ஒன்று பிழைத்தவிடத்து எப்படி பிழைத்தது என்று அறிய மாணவனுக்கு வழியில்லை.

இது வெறும் விளையாட்டாயின் பாதகமில்லை. ஆனால் நம் பிள்ளைகளின் கைத்திறன் நம் ஊர்களுக்குப் பயன்படல் வேண்டும் என விரும்பினால் நிலைமை வேறாகும். சவளக்கடையைக் கல்முனையோடு இணைக்கும் வீதியிலுள்ள கிட்டங்கித் தாம்போதியை எண்ணிப் பார்க்க. மாரி கடுமையாகுந்தோறும் அதன்மேல் வெள்ளம் பாயும். மாணவர், கமக்காரர், நோயாளர் ஆகியோரின் போக்குவரத்துத் தடைப்படும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவரை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டுப் பிள்ளைகள் பலர் உயிர்துறந்த துயரம் இக்கரையோரத்தார் நெஞ்சைவிட்டு அகலாதது. தமிழர் வீடென்றும் முஸ்லிம்கள் வீடென்றும் வெள்ளம் பிரித்தறிவதில்லை.

இத்தகைய தாம்போதியில் நீர்மட்டம் காட்டும் பொறியொன்றை அமைத்தல் மாணவர் கழகத்தின் ஆற்றலுக்கு உட்பட்டதே. கழியொலியை அனுப்பி, அது நீர்ப்பரப்பிற் பட்டு மீளும் நேரத்தை அளந்து, தொலைவைக் கணிக்கும் உணரிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால், ஒலியின் வேகம் 20 பாகை செல்சியசில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர். 30 பாகையில் 349 மீற்றர். இரண்டு மீற்றர்த் தொலைவில் இவ்வேறுபாடு மூன்று சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட பிழையாகும். பிறர் எழுதிய செய்நிரல் நூலகத்தினுள் எவ்வேகம் எழுதப்பட்டுள்ளது என்று நோக்காத மாணவன் அப்பிழையை எங்ஙனம் அறிவான்? பிழையாக அறிவிக்கும் பொறி, பொறியே இல்லாமையினும் தீயதன்றோ?

இவ்விடத்தேதான் பொதுப் பதிப்பியின் பயன் தோன்றுகின்றது. எடிட்டர் என வழங்கும் பதிப்பி, எம்மொழியிலும் செய்நிரல் எழுதுதற்குரிய மென்பொருள். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015இல் இலவசமாக வெளியிட்ட விசுவல் ஸ்டூடியோ கோட் இன்று பலரும் அறிந்தது, பிளட்போம் ஐ.ஓ. என்னும் துணைப்பொறியை அதனுடன் இணைத்தால் பலவகைப் பலகைகளுக்கும் அதிலேயே எழுதலாம். அங்கே தலைப்பு வரியை மாணவன் தானே எழுதுகின்றான். நூலகத்தின் பெயரைத் தொட்டு அதன் மூலநிரலைத் திறந்து படிக்கின்றான். எப்பலகை, எந்நூலகம் என்பவற்றை ஒரு கோப்பிற் குறித்துவைக்கின்றான்.

மேலும், நீர்மட்டப் பொறி பலகையோடு முடிவதன்று. பலகைக்குரிய செய்நிரல் சீ பிளஸ் பிளஸ் மொழியில் அமையும். அளவீடுகளைக் கணினியிற் பதியும் செய்நிரலை, உயர்தர வகுப்பிற் கற்கும் பைதன் மொழியில் எழுதலாம். ஊரார் பார்ப்பதற்குரிய இணையப்பக்கம் வேறொரு மொழியில் அமையும். பொறியைப் பேணும் முறை நல்ல தமிழில் எழுதப்படல் வேண்டும். நான்கிற்கும் பொதுப் பதிப்பி ஒன்றே போதும். வட்டைக்கொரு மண்வெட்டி வாங்கும் கமக்காரன் இலன்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பின் நாளொன்றுக்கு 144 அளவீடுகள், கிழமையொன்றுக்கு 1008. ஒவ்வொன்றும் இரண்டு பைட்டாயின் 2016 பைட்டுகள். ஊனோவிலுள்ள 2048 பைட்டுகளில் அது 98 வீதத்துக்கும் மேற்பட்டதாகும். செய்நிரல் தடையின்றித் தொகுக்கப்படும். பலகையோ களத்தில் நிலைகுலையும். தொகுப்பான் அச்சிடும் எச்சரிக்கையைப் படிக்கும் பழக்கமுள்ளவனே இதனை முன்னறிவான். விசையை அழுத்திவிட்டு விளக்கு மின்னுகின்றதா என்று மட்டும் பார்ப்பவன் அறியான்.

இதற்கு மறுப்புரைப்பாரும் உளர். பாடசாலைக் கணினிகள் பழையன; பெரிய பதிப்பிகள் அவற்றில் தள்ளாடும்; தொகுப்பான்களை இறக்க இணையச் செலவு மிகும்; தொடக்கநிலை மாணவர் மருளுவர் என்பர். இவை பொருளுள்ள மறுப்புகளே. ஆதலின், முதற்றவணையில் பலகைக்குரிய எளிய மென்பொருளே போதும் என்போம். ஆர்டுயினோ நிறுவனம் 2022இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பும் விசுவல் ஸ்டூடியோ கோட்டின் எழுதுபகுதியையே தழுவியமையால், அதிலிருந்து மாறுதல் கடினமன்று. கணினி வலிமையற்றதாயின் கீனி போன்ற சிறு பதிப்பியும், கட்டளைவரியில் இயங்கும் ஆர்டுயினோக் கருவியும் போதுமானவை. தொகு, ஏற்று, கவனி என்னும் மூன்று கட்டளைகளையும் தன் கையால் அடிக்கும் மாணவன் விசைக்குள் மறைந்திருந்தவற்றை ஒரே கிழமையிற் கண்டுகொள்வான்.

ஒரு நிறுவனத்தின் பொருளைப் போற்றுதல் எம் நோக்கமன்று. மைக்ரோசொப்ட் தன் பதிப்பியில் ஆர்டுயினோவுக்கென வழங்கிய துணைப்பொறியை 2024இற் கைவிட்டது. ஆர்டுயினோ நிறுவனத்தையே வாங்கவுள்ளதாகக் குவால்கொம் நிறுவனம் 2025 ஒக்டோபரில் அறிவித்தது. கருவிகள் பிறக்கும், கைமாறும், மறையும். வெற்று எழுத்துக் கோப்புகளாக எழுதப்பட்ட செய்நிரலும் அதனை எங்கும் தொகுக்க அறிந்த மாணவனும் எஞ்சி நிற்பர்.

பழைய மாணவர்களுக்கு ஒன்று கூறி அமைகின்றோம். பலகைகளை வாங்கி அன்பளிப்புச் செய்தல் நன்றே. அதனினும் நன்று, விடுமுறைக்கு ஊர் வரும் பொறியியலாளரும் ஒலுவிற் பல்கலைக்கழகத்திற் பயில்வோரும் ஒருநாட் பொழுதை மாணவர் கழகத்துக்கு அளித்து இம்மாற்றத்துக்குத் துணைநிற்றல். இன்று பெரும்பாலும் நிகழ்வது யாது? போட்டியில் வென்ற பொறி கண்ணாடிப் பெட்டியுட் புகுகின்றது. அதனை ஆக்கிய மாணவன் கல்லூரியை விட்டுச் செல்கின்றான். அவனுடன் அதன் செய்நிரலும் போய்விடுகின்றது. ஒவ்வோர் ஆக்கமும் தமிழ்க் குறிப்போடும், செய்த மாற்றங்களின் வரலாற்றோடும் அடுத்த வகுப்பாரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். அங்ஙனமாயின், ஒரு மாரியில் அமைத்த நீர்மட்டப் பொறி மறுமாரியில் பழுதுறும்போது, அதனைத் திருத்த வல்ல மாணவன் ஒருவன் கல்லூரியில் இருப்பான்.