மொட்டை மாடிக்கு ஹெலிகாப்டர் வந்தால்



ஐப்பசி பிறந்துவிட்டாலே நெமிலிச்சேரிக்காரர்களான நமக்கு ஒரு கண் வானத்தில், ஒரு கண் ஏரியில். ஏதாவது ஆகிவிட்டால் உதவி தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. நம் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினால் போய்ச் சேரும் ஊரில்தான் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானதளம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியனும் அங்கேதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையத்தை மூடியபோது பயணிகள் விமானங்கள் ராஜாளி ஓடுதளத்திலிருந்துதான் பறந்தன. அதே வெள்ளத்தில் சென்னையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணியை விமானப்படை ஹெலிகாப்டர் மீட்டது. பிறகு அவருக்கு இரட்டைக் குழந்தைகள். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கி நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளுக்கும் சாப்பாடு வானத்திலிருந்துதான் வந்தது.

மேலிருந்து வருபவர்கள் கைதேர்ந்தவர்கள். கீழே மாடியில் நிற்கிற நமக்கு என்ன தெரியும் என்பதுதான் என் கவலை.

ஹெலிகாப்டர் காற்றில் கொடித் துணி, தகர ஷீட், காலி பிளாஸ்டிக் குடம் எல்லாம் பறக்கும். முன்பே அப்புறப்படுத்தவோ இறுக்கிக் கட்டவோ வேண்டும். டிஷ் ஆன்டெனா, கேபிள் ஒயர் இல்லாத பக்கமாகப் பார்த்து நிற்க வேண்டும். பத்துப் பேர் பத்துத் திசையில் கை ஆட்டினால் விமானி எதைப் பார்ப்பார்? ஒருவர் மட்டும் சைகை காட்டினால் போதும். தொங்கி வரும் கம்பியை ஆவலில் எட்டிப் பிடிக்கவே கூடாது. பறக்கும் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும். கம்பி முதலில் தரையைத் தொட்டால்தான் அது இறங்கும், இல்லையென்றால் பிடித்தவருக்கு ஷாக். அந்தக் கம்பியைக் கைப்பிடிச் சுவரில் கட்டி வைப்பது அதைவிட ஆபத்து, ஹெலிகாப்டருக்கே.

இதைத் தெருவுக்கு நாலு பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? அந்த நாலு பேர் நம்மிடம் இருக்கிறார்கள். ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் பக்கமெல்லாம் மடிப்புக் கலையாத சீருடையில் பார்க்கிறோமே, நம் என்.சி.சி. பிள்ளைகள். 1948-ல் தொடங்கிய அமைப்பு அது. 1950-லேயே விமானப் பிரிவும் வந்துவிட்டது. மைக்ரோலைட் விமானத்தில் ஏறும் வாய்ப்புகூட அதில் சிலருக்குக் கிடைக்கிறது. வெள்ளமோ புயலோ வந்தால் நிவாரணப் பொட்டலம் கட்ட, கூட்டத்தை ஒழுங்குபடுத்த இவர்களைக் கூப்பிடுவதும் உண்டு. நல்லதுதான், ஆனாலும் எனக்கு அது போதவில்லை. அமெரிக்காவில் 1941 டிசம்பரில் தொடங்கிய ‘சிவில் ஏர் பேட்ரோல்’ என்ற தொண்டர் அமைப்பில் 12 வயதிலேயே கேடட் ஆகலாம். பயிற்சி பெற்ற கேடட்கள் காணாமல்போன விமானத்தைத் தேடும் தரைக்குழுவோடு போகிறார்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பரேடில் ‘சாவ்தான், விஷ்ராம்’ முடிந்து பூரி கிழங்கு வருவதற்குள் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நான் மேலே சொன்னதைச் செய்து காட்டினால் போதும். என்.சி.சி.யின் ‘சி’ சான்றிதழ் வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பெற்றோருக்கும் அதில் ஒரு பதில் கிடைக்கும்.

நம் வாசகர்களில் பழைய கேடட்கள் நிறையப் பேர் உண்டு என்று தெரியும். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் தெருவில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன தெரியாமல் திண்டாடினீர்கள் என்று எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் இருந்தால் அடுத்த இதழிலேயே போடுகிறேன்; மிகுந்தாலும் போடுவேன், கொஞ்சம் கத்தரித்து.

அன்புடன்,
ஆசிரியர்