சீட்டில்லாமல் விற்கும் ஸ்டீராய்டு

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல் வேண்டும் என்ற பேச்சு தில்லியில் ஓய்ந்தபாடில்லை. 2022-இல் 16 மருந்துகளைச் சொல்லி ஒரு வரைவு அறிவிக்கையே வந்தது. பட்டியல் போடத் துடிப்பவர்கள் முதலில் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய ஸ்டீராய்டு கிரீம், இன்று மெடிக்கல்களில் எப்படி விற்கிறது?

தொடை இடுக்கில் அரிப்பு என்று போய் நின்றால் போதும், ஒரு டியூப் கைக்கு வந்துவிடும். பெரும்பாலும் அது கூட்டு மருந்து. பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே கிளோபெட்டாசால் அல்லது பீட்டாமெத்தசோன். இவற்றில் கிளோபெட்டாசால், தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ஆனால், நோய் போயிருக்காது. தோலின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அமுக்கி வைத்திருக்க, பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நிறுத்தினால் படர்தாமரை முன்னைவிட அகலமாகத் திரும்பும். மறுபடியும் அதே டியூப்.

முகத்தின் கதை இன்னும் கொடுமை. நாட்டின் பல நகரங்களில் தோல் மருத்துவர்கள் சேர்ந்து நடத்தி, 2011-இல் வெளியிட்ட ஆய்வை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். முகத்தில் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் 29 சதவீதத்தினர் சிவப்பழகுக்காக, பொது கிரீமாக, சவரத்துக்குப் பின் பூசுவதற்காக வாங்கியவர்கள். 59 சதவீதத்தினருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. பக்கவிளைவு வந்தது எத்தனை பேருக்கு? 392 பேருக்கு. நூற்றுக்குத் தொண்ணூறு! பரு, மெலிந்த தோல், புடைத்துத் தெரியும் ரத்த நாளங்கள், நிறுத்தினால் எரியும் முகம். மாநிறம் போதாது என்று நம்பவைக்கப்பட்ட இளம்பெண்கள் இதற்குக் கொடுக்கும் விலை எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

சட்டம் என்ன செய்தது? 2018 வரை, வெளிப்பூச்சு என்ற ஒரே காரணத்துக்காக இந்த கிரீம்கள், சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான 'ஷெட்யூல் ஹெச்' கட்டுப்பாட்டிலிருந்து தப்பித்துவந்தன. அந்த ஆண்டு ஓட்டை அடைக்கப்பட்டது. 328 கூட்டு மருந்துகளுக்கும் தடை வந்தது. அட்டையில் எச்சரிக்கை அச்சாகிறது. சீட்டைக் கேட்பவர்தான் இல்லை.

கிராமத்தில் தோல் மருத்துவர் எங்கே இருக்கிறார், ஏழை எங்கே போவான் என்று மருந்து வணிகர்கள் கேட்கிறார்கள். ஏழை மீது அக்கறை இருந்தால் ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்தைக் கொடுக்கட்டும். பிரிட்டனிலும் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிடைக்கிறதே என்பார்கள். அங்கே பெரும்பாலும் கிடைப்பது மென்மையான ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன். அதையும் முகத்தில் தடவக் கூடாது, பத்து வயதுக்குக் கீழே கூடாது, ஒரு வாரம் தாண்டக் கூடாது. இதையும் கிளோபெட்டாசாலையும் ஒரே தட்டில் வைப்பது வாதமே அல்ல.

ஸ்டீராய்டு மோசமான மருந்து என்று நான் சொல்லவில்லை. எக்ஸிமாவுக்கும் சோரியாசிஸுக்கும் அது வேண்டும். குறைமாதப் பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் டெக்சாமெத்தசோன் ஊசி சிசுவின் நுரையீரலைக் காக்கிறது. 2020-இல் கொரோனா நோயாளிகளில் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்ததும் அதே மருந்து. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அது பலன் தரவில்லை. யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் ஸ்டீராய்டு மருந்து.

இப்போது மாத்திரைக்கும் அடங்காத படர்தாமரை வந்துவிட்டது. டெர்பினாஃபைன் என்ற பூஞ்சை மருந்தை எதிர்க்கும் 'டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே' என்ற பூஞ்சை இங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. இந்தப் பழியை முழுக்க இந்த டியூப்களின் மேல்தான் போடுவேன். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டைக் கலந்து விற்கும் எல்லா கிரீம்களையும் விதிவிலக்கின்றித் தடை செய்ய வேண்டும். சீட்டில்லாமல் விற்ற கடையின் உரிமத்தை முதல் தவறிலேயே நிறுத்தி வைக்க வேண்டும்.

அதுவரை, வீட்டில் இருக்கும் டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், கிளோபெட்டாசால், மொமெட்டசோன் என்று இருந்தால், மருத்துவர் சொல்லாமல் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மாதக்கணக்கில் தடவிவருபவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு போங்கள்.