பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பொது இணைய வலையமைப்பு: சந்தையிடம் விட முடியாத கடமை

நாடு முழுவதும் பல்லாயிரம் ஊராட்சி அலுவலகங்களின் சுவரில் இன்று ஒரு சிறு பெட்டி மாட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடி இழை வடம் அந்தப் பெட்டியில் வந்து முடிகிறது. ஒன்றிய அரசின் கணக்குப்படி அந்த ஊராட்சி ‘சேவைக்குத் தயார்’. ஆனால் பல ஊர்களில், அதே தெருக்கோடியில் இருக்கும் அரசுப் பள்ளியின் ஆசிரியர் மாணவர் விவரங்களைப் பதிவேற்றத் தமது கைபேசியையே நம்பியிருக்கிறார். துணை சுகாதார நிலையத்தின் கிராம செவிலியர் தமது சம்பளத்தில் ரீசார்ஜ் செய்து அரசின் செயலியில் தகவல் நிரப்புகிறார். வடம் ஊருக்கு வந்துவிட்டது. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரவில்லை. இந்தச் சில நூறு மீட்டர் இடைவெளி தற்செயலானதல்ல. அது ஒன்றிய ஆட்சியாளர்களின் கொள்கை உருவாக்கிய இடைவெளி.

ஒரு வட்டாரத்தின் பள்ளிகள், கல்லூரிகள், நூலகங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மாவட்ட மருத்துவமனைகள், உள்ளாட்சி அலுவலகங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே பொது வலையமைப்பில் இணைப்பது தொழில்நுட்ப ரீதியில் கடினமான காரியமல்ல. அந்த வலையமைப்பு யாருடைய உடைமையாக இருக்கும், யாருக்காக இயங்கும் என்பதே இன்று விடை காண வேண்டிய கேள்வி.

பகிர்வு இந்தியாவுக்குப் புதிதல்ல

இந்தியாவில் இணையம் தொடங்கியதே பொதுத்துறையின் கூட்டு முயற்சியாகத்தான். 1986ல் மின்னணுத் துறை, ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் ‘எர்நெட்’ என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஐந்து ஐஐடிகளும் அதில் இணைந்தன. நாட்டில் எந்தத் தனியார் நிறுவனமும் இணையச் சேவை வழங்காத காலம் அது. 2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய அறிவு வலையமைப்புக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அதன் மூலம் அதிவேக இணைப்பைப் பெற்றன. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே சந்தையில் விலை பேசியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆக, பகிர்ந்து பயன்படுத்தும் வலையமைப்பு சாத்தியம் மட்டுமல்ல, சிக்கனமானது என்பதையும் ஆட்சியாளர்கள் நன்கு அறிவார்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பொருந்திய அந்த ஏற்பாடு, கிராமத்துத் தொடக்கப் பள்ளி என்று வந்ததும் மறுக்கப்பட்டது. 

பாரத் நெட்: கெடுக்கள் கடந்த கதை

இரண்டரை லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் தேசியத் திட்டத்திற்கு 2011 அக்டோபரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய்; கெடு இரண்டு ஆண்டுகள். 2015ல் மோடி அரசு அதற்குப் ‘பாரத் நெட்’ என்று புதுப் பெயர் சூட்டியது. முதற்கட்டமாக ஒரு லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் பணி 2017 டிசம்பரில்தான் முடிந்தது. அதன் பிறகும் கெடுக்கள் அடுத்தடுத்துத் தள்ளிப்போயின.

பணம் இல்லை என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தமது வருவாயில் ஐந்து சதவீதத்தைச் செலுத்துவதற்கென்றே அனைவருக்குமான சேவைக் கடமை நிதி 2002 முதல் இருந்து வருகிறது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதனை ‘டிஜிட்டல் பாரத் நிதி’ என்று பெயர் மாற்றியது. கிராமங்களுக்காக வசூலிக்கப்பட்ட இந்த நிதியில் பல்லாயிரம் கோடி ரூபாய் ஆண்டுக்கணக்கில் செலவிடப்படாமல் முடங்கிக் கிடந்தது.

இன்னொரு பக்கம், கிராமங்களுக்கு வடம் இழுக்கும் அனுபவமும் ஆட்பலமும் கொண்டிருந்த பிஎஸ்என்எல் திட்டமிட்டு நலிவடையச் செய்யப்பட்டது. தனியார் நிறுவனங்கள் 4ஜி சேவையில் கோலோச்சியபோது அதற்கு உரிய காலத்தில் அலைக்கற்றை தரப்படவில்லை. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வின் பெயரில் வெளியேறினர். வடம் அறுந்தால் போய் ஒட்டுவதற்கு ஆள் இல்லாத நிலையை உருவாக்கிவிட்டு, ‘அரசுச் சேவை என்றாலே இப்படித்தான்’ என்று பிரச்சாரம் செய்வது நவீன தாராளமயத்தின் பழகிய உத்தி.

2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை அடுத்த அடியை எடுத்து வைத்தது. பதினாறு மாநிலங்களில் பாரத் நெட்டைத் தனியார் கூட்டு முறையில் நிறைவேற்ற முடிவு செய்து, 19,041 கோடி ரூபாயை இடைவெளி நிரப்பும் மானியமாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான தேசிய பணமாக்கல் திட்டத்தில், மக்கள் பணத்தில் பதிக்கப்பட்ட பாரத் நெட் வடங்களும் தனியாருக்குக் கொடுக்கப்பட வேண்டிய சொத்துகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

விளைவு என்ன? பாரத் நெட் ஒப்பந்தப்புள்ளியில் பங்கேற்க ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. மானியம் கொடுத்தும் பெருமூலதனம் வராததற்குக் காரணம் எளிது. மலைக்கிராமத்துப் பள்ளியும் கடலோரச் சுகாதார நிலையமும் அதன் கணக்கில் வாடிக்கையாளர்களே அல்ல. இறுதியில் 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கான திருத்தப்பட்ட திட்டத்திற்கு ஒப்புதல் அளித்து, அதைச் செயல்படுத்தும் பொறுப்பை எந்த பிஎஸ்என்எல்லை நலிவடையச் செய்தார்களோ அதனிடமே ஒன்றிய அரசு ஒப்படைக்க நேர்ந்தது. சந்தையே அனைத்தையும் கொண்டுவரும் என்ற வாதத்திற்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இழந்தது யார்?

இந்தத் தாமதத்தின் விலையைச் செலுத்தியவர்கள் உழைக்கும் மக்களின் பிள்ளைகள். 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி இணைய வசதி கொண்ட குடும்பங்கள் நகரங்களில் 42 சதவீதம், கிராமங்களில் 14.9 சதவீதம் மட்டுமே. கணினி வைத்திருந்த கிராமக் குடும்பங்கள் 4.4 சதவீதம். இந்த நிலையில்தான் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, கல்வி இணையவழிக்கு மாற்றப்பட்டது. கைபேசி இல்லாத, சமிக்ஞை கிடைக்காத குழந்தைகள் மாதக்கணக்கில் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

பெருந்தொற்று கடந்தும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் தரவுகளின்படி 2023-24ல் இணைய வசதி இருந்த பள்ளிகள் 53.9 சதவீதம், 2024-25ல் 63.5 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இணைப்பே இல்லை. இணைப்பு உள்ளதாகக் கணக்கிடப்பட்ட பள்ளிகளிலும் நாற்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் அளவுக்கு அது இருக்கிறதா என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை.

மருத்துவத்தில் இழப்பு இன்னும் கொடியது. 2019ல் தொடங்கப்பட்ட ‘இ-சஞ்சீவனி’ தொலைமருத்துவத் திட்டத்தில், கிராம சுகாதார நிலையத்தில் அமர்ந்திருக்கும் நோயாளியை மாவட்ட மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ இருக்கும் மருத்துவர் காணொளியில் பார்க்க வேண்டும். இதற்குத் தகவலை இறக்கும் வேகம் மட்டும் போதாது. ஏற்றும் வேகமும் வேண்டும். எக்ஸ்ரே படமும் இதயத் துடிப்பு வரைபடமும் தடையின்றிப் போய்ச் சேர வேண்டும். கைபேசிக் கோபுரத்தை ஊரே பகிர்ந்துகொள்ளும் நேரத்தில் காணொளி உறைந்து நிற்கிறது. மருத்துவர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு மருந்து சொல்கிறார். தினக்கூலியை விட்டுவிட்டு வந்த விவசாயத் தொழிலாளி, பேருந்து ஏறி நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். கடன் அங்கே தொடங்குகிறது.

கேரளம் காட்டிய வழி

மாற்று உண்டு என்பதைக் கேரளம் காட்டியிருக்கிறது. இணையத்தை மக்களின் அடிப்படை உரிமையாக அறிவித்த இடது ஜனநாயக முன்னணி அரசு, அந்த அறிவிப்புக்கு உடல் கொடுக்க ‘கே-ஃபோன்’ என்னும் மாநிலக் கண்ணாடி இழை வலையமைப்பைக் கட்டியது. மாநில மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப உட்கட்டமைப்பு நிறுவனமும் இதன் பங்குதாரர்கள். கட்டுமானப் பணி பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தலைமையிலான கூட்டமைப்பிடம் கொடுக்கப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் இதனைத் தொடங்கி வைத்தார். பள்ளிகள், மருத்துவமனைகள் உட்பட 30,000 அரசு நிறுவனங்களுக்கு இணைப்பு, இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்பவை இதன் இலக்குகள்.

இதன் நுட்பம் கவனத்திற்குரியது. கண்ணாடி இழை வலையமைப்பில் பெருஞ்செலவு இழைக்கு ஆவதில்லை. பள்ளம் தோண்டவும் வழி உரிமை பெறவும்தான் ஆகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்கெனவே கம்பம் நட்டு வைத்திருக்கும் மின்வாரியத்தின் உட்கட்டமைப்பைக் கே-ஃபோன் பயன்படுத்திக்கொண்டது. ஒரு முறை பதித்த இழை பல ஆண்டுகள் உழைக்கும். கூடுதல் வேகம் வேண்டுமானால் இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினால் போதும். பத்து நிறுவனங்கள் பத்து முறை சாலையைத் தோண்டுவதைவிட, பொது உடைமையில் ஒரே வடத்தை இழுத்து அனைவரும் பகிர்வது சமூகத்திற்கு மலிவானது. தனித்தனி லாபக் கணக்குகள் இந்த எளிய உண்மைக்குக் குறுக்கே நிற்கின்றன.

வடத்தோடு நிற்காமல், அதை வகுப்பறையில் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் கேரளம் செய்தது. 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகள் உயர் தொழில்நுட்ப வசதி பெற்றன. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள் பயன்படுத்தப்படுவதால் உரிமக் கட்டணம் பன்னாட்டு நிறுவனங்களுக்குப் போவதில்லை.

கே-ஃபோனிலும் குறைகள் உண்டு. திட்டம் தாமதமானது. இலவச இணைப்பின் முதற்கட்டம் தொகுதிக்கு நூறு குடும்பங்கள் வீதம் 14,000 குடும்பங்களோடுதான் தொடங்கியது. இருபது லட்சம் என்ற இலக்குக்கும் அதற்கும் உள்ள தூரம் பெரிது. இதை மறைப்பது இடதுசாரிகளுக்கு அழகல்ல. ஆனால் ஒரு மாநில அரசு எந்த வரம்புகளுக்குள் இயங்குகிறது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தொலைத்தொடர்போ முழுமையாக ஒன்றியத்தின் கையில். தன் சொந்தப் பள்ளிக்குத் தானே இணைப்புக் கொடுக்கவும் கேரள அரசின் நிறுவனம் 2022ல் ஒன்றியத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்வியையும் சுகாதாரத்தையும் நடத்தும் பொறுப்பு மாநிலத்திடம், அதற்கான கம்பியின் அதிகாரம் டெல்லியிடம் என்பது கூட்டாட்சிக்குப் பொருந்தாது.

உடைமை மட்டும் போதாது

வலையமைப்பு அரசின் கையில் இருப்பதாலேயே அது மக்களுடையதாகிவிடாது. 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து பறிக்கப்பட்டபோது இணையமும் துண்டிக்கப்பட்டது. 4ஜி சேவை முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். பெருந்தொற்றின் உச்சத்தில்கூட அங்குள்ள மருத்துவர்களும் மாணவர்களும் 2ஜி வேகத்தில் தவித்தார்கள். காலவரையற்ற இணையத் தடை ஏற்கத்தக்கதல்ல என்று உச்சநீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்ன பிறகும் இதுதான் நிலை. எனவே மருத்துவமனை, பள்ளி இணைப்புகளை எந்தச் சூழலிலும் துண்டிக்கக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு வேண்டும். நிர்வாகத்தில் உள்ளாட்சிகளுக்கும் ஆசிரியர், சுகாதார ஊழியர் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும்.

‘இலவசம்’ என்ற பெயரில் வரும் கார்ப்பரேட் தூண்டில் குறித்தும் விழிப்பு தேவை. பேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டம் தான் தேர்ந்தெடுத்த தளங்களை மட்டும் ஏழைகளுக்கு இலவசமாகக் காட்ட முனைந்தது. நாடு தழுவிய எதிர்ப்பின் பின்னணியில் 2016 பிப்ரவரியில் டிராய் அத்தகைய பாகுபாடான கட்டணங்களைத் தடை செய்தது. மாணவர்களின் தரவுகளையும் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளையும் தனியார் தளங்களுக்குத் தாரை வார்க்கும் இன்றைய போக்கு அதே தூண்டிலின் மறுவடிவம்.

கோரிக்கையாக மாற வேண்டும்

டிஜிட்டல் பாரத் நிதி முழுவதும் பொது வலையமைப்புக்கே செலவிடப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகத்தோடு வடத்தை நிறுத்தாமல் பள்ளி, சுகாதார நிலையம், அங்கன்வாடி, நூலகம் வரை இணைப்பை உறுதி செய்வது திட்டத்தின் கட்டாயப் பகுதியாக வேண்டும். மாநில அளவிலான பொது வலையமைப்புகளுக்கு உரிமமும் நிதியும் நிபந்தனையின்றிக் கிடைக்க வேண்டும். பாரத் நெட் வடங்களைப் பணமாக்கும் முடிவு கைவிடப்பட வேண்டும். பராமரிப்புக்கு ஒப்பந்த முறையைத் தவிர்த்து பிஎஸ்என்எல்லில் நிரந்தர ஊழியர்கள் நியமிக்கப்பட வேண்டும்.

இவை மாநாட்டுத் தீர்மானங்களோடு நின்றுவிடக் கூடாது. ‘சேவைக்குத் தயார்’ என்று அறிவிக்கப்பட்ட ஊராட்சிகளில் அந்தப் பெட்டியின் விளக்கு எரிகிறதா, அங்கிருந்து பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் இணைப்பு போகிறதா என்று கட்சிக் கிளைகள் நேரில் சென்று பார்க்கலாம். கண்டதைக் கிராம சபையில் எழுப்பலாம். வாலிபர், மாணவர், மாதர் அமைப்புகளும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கைகோர்த்தால் இது ஊர்தோறும் இயக்கமாகும். சாலைக்காகவும் குடிநீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் மக்களைத் திரட்டிய இயக்கம் இது. அந்தப் பட்டியலில் கண்ணாடி இழையையும் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.