மேஸ்திரி பில்லும் அளவு டேப்பும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கட்டின வீட்டை ரிப்பேர் பண்ணிப் பார் என்பதையும் அதோடு சேர்த்திருக்கலாம், சகோதரிகளே! புது வீடு கட்டும்போது பிளான், எஸ்டிமேட் என்று ஏதாவது ஒரு காகிதமாவது கையில் இருக்கும். ரிப்பேருக்கு என்ன இருக்கிறது? "நீங்க சும்மா இருங்கக்கா, எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்ற மேஸ்திரியின் வாய்வார்த்தைதான் இருக்கிறது. வேலை முடிந்து பில் வரும்போதுதான், அவர் நினைத்த தொகை வேறு, நாம் நினைத்த தொகை வேறு என்று தெரிகிறது.

அந்த நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். வாசலில் நின்று சத்தம் போடுகிறோம். அல்லது "போனால் போகட்டும், ஊர் வாய்க்குப் பயந்து" என்று கேட்டதைக் கொடுத்துவிட்டு ராத்திரி பூராவும் தூங்காமல் கிடக்கிறோம். இரண்டுமே நஷ்டம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பில்லை மொத்தமாகப் பார்க்காமல் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அது.

எங்கள் தெருவில் நடந்தது

எங்கள் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலைப் பக்கம் மேகம் கறுத்துவிட்டால், மாடி ஒழுகும் வீட்டுக்காரிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். எங்கள் தெருவில் ஒரு மதினி ஐப்பசி மழைக்கு முன்னாலேயே வேலையை முடித்துவிட வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டரை அழைத்தார். மதினியின் வீட்டுக்காரர் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிவிடுவார். வாரம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே பேச்சுவார்த்தை முழுக்க மதினிதான். பணமும் மகளிர் குழுவில் வாங்கின கடன்.

மாடியில் பழைய தளத்தைக் கொத்தி எடுத்துத் தட்டோடு பதிக்க, சாமானோடு சேர்த்து 36,000 ரூபாய் என்று பேச்சு. கொல்லையில் தனியாக நிற்கும் அடுப்படிக்கு உள்ளும் வெளியும் பூச்சு வேலை. அதற்கு சாமான் மதினி வாங்கிக் கொடுப்பது, கூலி சதுர அடிக்கு 30 ரூபாய். அட்வான்ஸாக 40,000 கொடுத்தாயிற்று. வேலை முடிந்ததும் பில் வந்தது. தட்டோடு 36,000, பூச்சு "ஆயிரம் சதுர அடி" 30,000, கைப்பிடிச் சுவர் விரிசல் அடைத்தது 4,500, சிமெண்டு விலை ஏறியதற்கு 5,000. ஆக மொத்தம் 75,500. பாக்கி 35,500 உடனே வேண்டும் என்றார்.

மதினி சத்தம் போடவில்லை. "அண்ணே, ஒரு டீ குடிங்க. ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு தடவை அளந்துருவோம்" என்றார். பத்தாவது படிக்கும் மகள் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள், மேஸ்திரி மறுமுனையைப் பிடித்தார். அடுப்படியின் உட்புறம் 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி. நான்கு சுவரும் சேர்த்து உள்ளே 440 சதுர அடி. முக்கால் அடி சுவர் என்பதால் வெளிப்புறம் பதின்மூன்றரைக்குப் பதினொன்றரை. அது 500 சதுர அடி. மொத்தம் 940. ஆயிரம் எங்கிருந்து வந்தது? "ரவுண்டா போட்டேன் தங்கச்சி" என்றார்.

கதவு ஜன்னலைக் கழிப்பதா, வேண்டாமா?

அடுத்த சண்டை இதில்தான் வரும். "கதவும் ஜன்னலும் இருக்கிற இடத்தில் பூசவே இல்லையே, அதற்கு ஏன் காசு?" என்று நாம் கேட்போம். "அந்த ஓரம் திருப்பிப் பூசுறதுக்கு எவ்வளவு மெனக்கெடணும் தெரியுமா?" என்று அவர் கேட்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இதற்கென்றே இந்தியத் தர நிர்ணய நிறுவனம் அளவு எடுக்கும் முறையை ஐ.எஸ். 1200 என்ற வரிசையில் வகுத்து வைத்திருக்கிறது. பூச்சு வேலை அதில் 12-வது பகுதி. சுருக்கமாகச் சொல்கிறேன்:

அரைச் சதுர மீட்டர், அதாவது சுமார் 5 சதுர அடிக்கு உட்பட்ட சின்னத் திறப்புகளைக் கழிப்பதில்லை. காற்று ஜன்னல் மாதிரி உள்ளவை இதில் வரும்.

அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 32 சதுர அடி வரை உள்ள கதவு, ஜன்னலுக்கு, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். மறு பக்கத்துக் காசு ஓரம் பூசின உழைப்புக்குச் சரியாகப் போகிறது.

அதைவிடப் பெரிய திறப்பு என்றால் இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, ஓரப் பூச்சைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும்.

சுவரின் ஒரு பக்கம் மட்டும் பூசும்போது, நிலை எந்தப் பக்கமாகப் பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். அதை மட்டும் ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் நல்லது.

மதினி வீட்டு அடுப்படியில் கதவு 3-க்கு 7, அதாவது 21 சதுர அடி. ஜன்னல் 4-க்கு 4 என்று இரண்டு, அதாவது 32. மொத்தம் 53. ஒரு பக்கம் கழித்தால் 940-ல் 53 போக 887 சதுர அடி. முப்பது ரூபாய் வீதம் 26,610. ஆக, பில்லில் 3,390 அதிகம். இதில் மேஸ்திரிக்குக் கோபம் வரவில்லை. தானே டேப்பைப் பிடித்தாரே!

எக்ஸ்ட்ரா வேலையும் விலையேற்றமும்

கைப்பிடிச் சுவர் விரிசல் முதல் பேச்சில் இல்லை. ஆனால் நடுவில் மதினிதான் "அதையும் அடைச்சுருங்கண்ணே" என்று சொன்னார். எழுதவில்லையே என்று இதை மறுக்கலாமா? கூடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை நாம் அனுபவித்தால் நியாயமான ஈடு கொடுக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 70-வது பிரிவு சொல்கிறது. ஆகவே அந்த 4,500-ஐ மதினி ஒத்துக்கொண்டார்.

சிமெண்டு விலை விஷயம் வேறு. தட்டோடு வேலை சாமானோடு சேர்த்துப் பேசின மொத்தத் தொகை. விலை ஏறினால் கூட்டித் தருவதாகப் பேச்சு இல்லை. விலை இறங்கியிருந்தால் குறைத்து வாங்கியிருப்பாரா? ஆகவே அந்த 5,000 கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். சிலர் பில்லின் அடியில் ஜி.எஸ்.டி. என்று 18 சதவீதம் சேர்த்துவிடுகிறார்கள். பதிவு எண் போட்ட முறையான பில் கேளுங்கள். பதிவு இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கக் கூடாது.

ஒத்துக்கொண்டதைக் கொடுத்துவிடுங்கள்

மதினியின் கணக்கு இப்படி நின்றது: 36,000, 26,610, 4,500 சேர்த்து 67,110. அட்வான்ஸ் போகக் கொடுக்க வேண்டியது 27,110. ஆனால் மாடியின் ஒரு மூலையில் இன்னமும் ஈரம் கசிந்தது. அதற்காக 3,000 மட்டும் நிறுத்தி வைத்து, மிச்சம் 24,110-ஐ அன்றைக்கே போன் மூலம் அனுப்பி ரசீதும் எழுதி வாங்கிக்கொண்டார்.

இது ரொம்ப முக்கியம், சகோதரிகளே. ஒரு மூலை ஒழுகுகிறது என்று மொத்தப் பாக்கியையும் பிடித்து வைத்தால் நியாயம் நம் பக்கம் இருக்காது. அந்தப் பணத்தில் சித்தாள் கூலி இருக்கிறது. நம்மைப் போலவே ஒரு பெண், நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்தவள், சனிக்கிழமை வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டியவள். காண்ட்ராக்டரோடு நமக்குள்ள தகராறில் அவள் பட்டினி கிடக்கலாமா?

மூலைக் கசிவைச் சோதிக்க ஒரு சுலப வழி: தண்ணீர் இறங்கும் குழாய் வாயைத் துணி வைத்து அடைத்து, மாடியில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். அதற்கு மேல் கட்ட வேண்டாம், தளத்துக்குப் பாரம். கீழே ஈரம் தெரியாவிட்டால் நிறுத்தி வைத்ததைக் கொடுத்துவிடலாம். மதினி வீட்டில் மேஸ்திரி வந்து அந்த மூலையில் நாலு ஓட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார். தண்ணீர் கட்டிப் பார்த்து, 3,000-ஐ வாங்கிக்கொண்டு போனார். சிமெண்டு பேச்சை அவரே விட்டுவிட்டார்.

பேச்சில் தீராவிட்டால்

எல்லாரும் இப்படி இருக்க மாட்டார்கள். வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவரும் உண்டு, வாசலில் வந்து மிரட்டுகிறவரும் உண்டு. மிரட்டல் என்றால் போலீஸில் சொல்லலாம். வெறும் கணக்குத் தகராறுக்குப் போலீஸ் ஸ்டேஷன் இடம் இல்லை. முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, இன்ன தேதியில் இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று பேசினோம். இதுவரை இவ்வளவு கொடுத்திருக்கிறேன். உங்கள் பில்லில் இன்ன இனங்களை ஒத்துக்கொள்கிறேன். அதற்கான தொகையைக் கொடுத்துவிட்டேன். இன்ன இனத்தை இன்ன காரணத்தால் ஒத்துக்கொள்ளவில்லை. இன்ன குறையை 15 நாளைக்குள் சரி செய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

திட்டு வேண்டாம், கண்ணீர் வேண்டாம். தேதியும் தொகையும் இருந்தால் போதும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் சட்டம் இருக்கிறது. வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1993-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறைபாடான வேலைக்கு மட்டுமல்ல, பேசின தொகைக்கு மேல் வசூலித்தாலும் புகார் கொடுக்கலாம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் தமிழிலேயே யோசனை கேட்கலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நமக்குத் தேனியில் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி என்ற இணையதளம் மூலமும் அனுப்பலாம். தகராறு ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: நாள் கூலிக்கு ஆள் வைத்து நாமே கூட நின்று வேலை வாங்கினால் அது முதலாளி, வேலையாள் உறவு. அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. காண்ட்ராக்ட் பேசி விட்ட வேலைக்குத்தான் பொருந்தும்.

கோர்ட் படியேறத் தயக்கமாக இருந்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டு லோக் அதாலத்தில் பேசித் தீர்ப்பார்கள். விசாரிக்க 15100 என்ற எண். மேஸ்திரிக்கும் சட்டம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். நியாயமான பாக்கியை நாம் கொடுக்காவிட்டால் அவரும் 3 வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம்.

அடுத்த வேலைக்கு முன்

பிள்ளைகளின் பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். என்ன வேலை, சாமான் யாருடையது, மொத்தத் தொகையா சதுர அடியா, கதவு ஜன்னல் எப்படிக் கழிப்பது, எக்ஸ்ட்ரா வேலை என்றால் தொடங்கும் முன்பே தொகை சொல்ல வேண்டும். இதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் தேதி போட்டு அதே பக்கத்தில் கையெழுத்து வாங்குங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். "நம்பிக்கை இல்லையாக்கும்?" என்று கேட்டால், "உங்களுக்கும் ஞாபகத்துக்கு ஆகும்ல அண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்து கடைசித் தொகை கொடுத்ததும், "கணக்கு தீர்ந்தது, பாக்கி இல்லை" என்று ஒரு வரி எழுதி வாங்க மறக்காதீர்கள். அந்தக் காகிதத்தை ரேஷன் கார்டு வைக்கிற பெட்டியிலேயே பத்திரமாக வையுங்கள்.