வலி இல்லை என்பதே நலம் ஆகாது

நீரிழிவு உள்ள குழந்தையின் கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் பலர் அறிவர். பாதத்தையும் சோதிக்க வேண்டும் என்பதை அறிந்தோர் சிலரே. இரத்தச் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் பிள்ளைகளின் நரம்புகளும் மெல்லப் பழுதுபடும். தொடக்கத்தில் பெரும்பாலும் எரிச்சலோ மதமதப்போ இராது. ஆகவே, பிள்ளை முறையிடும்வரை காத்திருத்தல் தகாது என்பதே எங்கள் கருத்து.

உணர்விழந்த பாதத்தின் ஆபத்தை நம் வட்டாரம் முன்பே கண்டது. 1947இல் அண்டையிலுள்ள செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், பின்னர் வேலூரில் பணியாற்றியபோது, வலி தெரியாமையே அந்நோயாளரின் புண்களுக்குக் காரணம் என்று காட்டினார். அப்பாடமே பிற்காலத்தில் நீரிழிவு நோயாளரின் பாதங்களைக் காக்கவும் உதவியது.

முதல் வகை நீரிழிவில், பிள்ளைக்கு 11 வயதாகி, நோய் கண்டு 2 முதல் 5 ஆண்டுகள் ஆனபின் ஆண்டுதோறும் இச்சோதனை வேண்டும். இரண்டாம் வகையில் நோய் கண்டவுடனேயே தொடங்க வேண்டும். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டும், அதிரும் இசைக்கவையை வைத்தும் பார்ப்பர். வலியில்லை, சில நிமிடங்களே ஆகும்.

தடுக்கவும் வழியுண்டு. முதல் வகை நோயாளரிடம் நடத்தப்பெற்று 1993இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், சர்க்கரையைச் சீராகக் கட்டுப்படுத்தியோரிடம் நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைந்தது. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர், இன்சுலின் போடும் முறையை வீட்டிலுள்ள மற்றொரு பெரியவரும் செவிலியரிடம் கற்றுக்கொள்ளச் செய்தல் நன்று.

அடுத்த வருகையில் பிள்ளையின் காலணியைக் கழற்றி, “பாதத்தையும் பாருங்கள்” என மருத்துவரிடம் தயங்காது கேளுங்கள்.