இறங்க வேண்டிய வலி, இறங்க வேண்டாத வலி

மார்கழி பிறந்துவிட்டால் ஏற்காட்டில் எங்கே போனாலும் இதே பேச்சுதான். "கழுத்தைத் திருப்ப முடியல சார்", "தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு." காலையில் டீக்கடையில் மஃப்ளர் சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எஸ்டேட் ஆபீஸில் குனிந்து குனிந்து கணக்கு எழுதிய கழுத்து இது.

இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நம் மலைக்காரர்களிடம் தலைகீழ் வழக்கம் ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே தீரும் வலிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போகிறோம். உடனே இறங்க வேண்டிய வலிக்குத் தைலம் தேய்த்துப் படுத்துக்கொள்கிறோம்.

முதலாவதற்கு நானே சாட்சி. ஒரு தடவை கீழே முடி வெட்டப் போன இடத்தில், "கழுத்துல நெட்டி எடுத்து விடட்டுமா?" என்று கேட்டார்கள். சரி என்று தலையைக் கொடுத்தேன். சடக்கென்று ஒரு சத்தம். பிறகு இரண்டு வாரம் விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி. டாக்டர் கோபித்துக்கொண்டார். "மூளைக்கு ரத்தம் போற குழாயே கழுத்து வழியாத்தான் போகுது. இந்த வயசுல அதை முறுக்கச் சொல்லுவீங்களா?" அவர் சொல்லிக்கொடுத்தது எல்லாம் காசில்லாத வைத்தியம்தான்.

நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு அது 27 கிலோ பாரமாகிறது என்று நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டு எழுதினார். ஒரு சிப்பம் அரிசியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் பேரன் அனுப்பிய வீடியோவைப் பார்க்கிறோம்! போனைக் கண்ணுக்கு நேராக உயர்த்துங்கள். இதுவே பாதி வைத்தியம்.

மீதிப் பாதிக்குத் தினம் இருமுறை ஐந்து நிமிடம் போதும். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். முகவாயை மெல்லப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். தோள்களைக் காது வரை தூக்கி, பின்பக்கமாகச் சுழற்றி இறக்குங்கள். தலையை இடமும் வலமும், வலிக்காத அளவுக்கு மட்டும் மெதுவாகத் திருப்புங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை. தலையை முழு வட்டமாகச் சுற்ற வேண்டாம், நம் வயதில் கிறுகிறுத்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். அவர்கள் சுவரில் விரல்களால் எறும்பு போல மேலே ஏறிப் பழகலாம்.

குளிருக்கு ஒத்தடம் நல்லது. வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றலாம். தோல் மரத்துப்போனவர்கள் சூட்டை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வந்தபிறகுதான் அவர்களுக்குத் தெரியும். இரவில் தலையணை ஒன்று போதும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது வலியை மறக்கடிக்கும், காரணத்தைத் தீர்க்காது.

அப்படி மறக்கடித்ததில்தான் என் நண்பர் ஏமாந்தார். ஒரு ராத்திரி அவருக்கு இடது தோளில் வலி, குளிரிலும் வியர்வை. "வாயுப் பிடிப்புதான், காலையில பார்த்துக்கலாம்" என்று விடிய விடியத் தைலம் தேய்த்தார்கள். காலையில் சேலம் போய்ச் சேர்ந்தபோது மாரடைப்பு என்றார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இன்று ஏரிக்கரை வரை நடக்கவே அவருக்கு மூச்சு வாங்குகிறது. ராத்திரியே கிளம்பியிருந்தால் என்று அவர் மனைவி இன்னும் புலம்புகிறார்.

ஆகவே இதை மட்டும் மனதில் வையுங்கள். தோள்வலியோடு நெஞ்சில் பாரம், தாடையில் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். வாய் கோணினாலும், பேச்சு குழறினாலும், ஒரு பக்கக் கை திடீரென்று சோர்ந்தாலும் அப்படித்தான். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கீழே விழுந்தபின் வந்த கழுத்துவலி, காய்ச்சலோடு விறைத்த கழுத்து, சட்டைப் பொத்தான் போட முடியாத விரல், தள்ளாடும் நடை, சிறுநீர் அடக்க முடியாமை இவற்றுக்கும் அன்றே டாக்டரைப் பாருங்கள். மற்ற வலிக்கு இரண்டு மூன்று வாரம் வீட்டு வைத்தியம் செய்து பார்க்கலாம். குறையாவிட்டால் அப்போது இறங்கலாம்.

மலையில் இருப்பவனுக்கு ஆஸ்பத்திரி தூரம். அதனால்தான் எந்த வலிக்கு இறங்க வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

சரி, இதைப் படிக்க எவ்வளவு நேரம் குனிந்திருந்தீர்கள்? நிமிருங்கள். தோளை ஒரு சுற்று சுற்றுங்கள்.