அழியாத குக்கீ

லாக்அவுட் பட்டனை அழுத்தியாயிற்று. லாகின் பக்கமும் வந்துவிட்டது. ஆனால் மேல் மூலையில் ‘வணக்கம், முருகேசன்’ அப்படியே நிற்கிறது. நிரலைத் திறந்தால் ‘குக்கீஸ்.ரிமூவ்’ ஒழுங்காகத்தான் இருக்கிறது. கன்சோலில் ஒரு பிழையும் இல்லை. போன மாதம் என்னுடைய ஒரு பிற்பகல் முழுக்க இதிலேயே போனது.

கோளாறு குக்கீயின் பாத்தில் இருந்தது. ‘/அக்கவுன்ட்/ஹோம்’ பக்கத்தின் பழைய நிரல், பெயரை ‘டாக்குமென்ட்.குக்கீ’யில் நேரடியாக எழுதியது; பாத் எதுவும் தரவில்லை. தராவிட்டால் பிரவுசர் ‘/அக்கவுன்ட்’ என்று தானே வைத்துக்கொள்ளும். பிறகு வந்த ஜேஎஸ்-குக்கீ நூலகமோ (‘குக்கீஸ்.ரிமூவ்’ அதனுடையது), நாம் சொல்லாதவரை ‘/’ என்றுதான் எழுதும், அழிக்கும். பெயர், டொமைன், பாத் மூன்றும் ஒத்தால்தான் பிரவுசருக்கு அது ஒரே குக்கீ. ஆகவே இல்லாத ஒன்றை அழித்துவிட்டுத் திருப்தியாக இருந்தோம். ‘டாக்குமென்ட்.குக்கீ’யைப் படித்தாலும் பெயரும் மதிப்பும்தான் வரும், பாத் வராது. டெவ்டூல்ஸைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மான்டுல்லி உருவாக்கிய குக்கீயின் குணமே இந்த மௌனம்தான். இன்னொன்று: ஜேஎஸ்-குக்கீயில் எச்டிடிபி-ஒன்லி என்று சேர்த்து டோக்கனைப் பாதுகாத்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. ஸ்கிரிப்டிலிருந்து அப்படி வரும் குக்கீயைப் பிரவுசர் முழுதாகவே ஒதுக்கிவிடும், சத்தமில்லாமல். லாகின் டோக்கன் சர்வர் வைக்க வேண்டிய குக்கீ. இந்த நூலகத்துக்கு அதில் வேலையே இல்லை. காலாவதி 365 நாள் என்று எழுதினாலும், ஸ்கிரிப்ட் வைத்த குக்கீயை சஃபாரி 7 நாளில் தூக்கிவிடும்.

தமிழில் மதிப்பு வைப்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. ‘முருகேசன்’ யூனிகோடில் 9 குறியீடுகள். ஒவ்வொன்றும் 3 பைட். என்கோட் ஆகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்து. மொத்தம் 81. ஒரு குக்கீக்குச் சுமார் 4096 பைட்தான் இடம். வாடிக்கையாளரின் முழு முகவரியை அதில் திணிக்காதீர்கள். ஒரு எண் போதும்.

நூலகத்தின் மேல் எனக்குக் குறையில்லை. ஜேக்வெரி-குக்கீயின் வாரிசான அது, சுருக்கினால் 800 பைட்டுக்கும் குறைவு. என்கோடிங்கையும் நாள் கணக்கையும் ஒழுங்காகச் செய்கிறது. பாத்தையும் டொமைனையும் நினைவில் வைப்பது மட்டும் நம் பொறுப்பு. அதற்கும் ‘வித்ஆட்ரிபியூட்ஸ்’ இருக்கிறது: ஒரே கோப்பில் ஒருமுறை அமைத்து, வைப்பதையும் அழிப்பதையும் அதன் வழியாகவே செய்யுங்கள். பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக எழுதுவதை இனி ரிவியூவிலேயே நிறுத்துங்கள்.

முருகேசனுக்காக ‘/அக்கவுன்ட்’ பாத்துடன் இன்னொரு ரிமூவ் வரி சேர்த்தேன். பழைய குக்கீயின் ஆயுள் ஒரு வருடம். அதனால் அந்த வரிக்கு மேல் தேதி போட்டு, அடுத்த வருடம் வரை யாரும் தொட வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கிறேன்.